புளியங்கூடல் வீட்டின் முப்பத்திரண்டு கதிரைகள்

ஒரு வீட்டை அழகாக்கப் போகிறவள் முதலில் அந்த வீட்டுக் குப்பையைப் பார்க்க வேண்டும் என்பது றொஷானியின் கொள்கை. கொள்கை என்னவோ நல்லதுதான். ஆனால் புளியங்கூடலில் நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடும் நாற்பது பரப்புத் தோட்டமும் வைத்திருக்கும் ஒரு அம்மாவின் முன்னால், முதல் நாள், கொடுத்த தேநீரைக் குடித்து முடிக்கும் முன்பே, "அன்ரி, நீங்கள் எறியாமல் ஒதுக்கி வைச்ச குப்பையள் எங்கை கிடக்கு?" என்று கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். அது றொஷானியிடம் தேவைக்கு அதிகமாகவே இருந்தது.

யோகம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். ரொறொன்ரோவில் இருக்கும் அவருடைய மகன் நிசாந்தன், வீட்டைத் திருத்தக் காசு அனுப்பியதோடு நிற்காமல் இன்ரீரியர் டிசைனர் ஒருத்தியையும் முகநூலில் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தான். அந்த ஒருத்தி பக்கத்து ஊரான கரம்பொன்னிலிருந்து, உப்புக் காற்றில் நிறம் போன ஸ்கூட்டியில், அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினால் பார்க்கத்தானே செய்வார்கள்.

"கரம்பொன்னில ஆற்றை பிள்ளை நீர்?"

"பஸ்ரியாம்பிள்ளையின்ர மகள், அன்ரி. கடற்தொழில்."

"ஓ, பஸ்ரியரின்ர மகளோ. அவரிட்டை நான் மீன் வாங்கியிருக்கிறன். நிறையில களவு இராது."

நேர்முகத் தேர்வில் பாதி அத்துடன் முடிந்துவிட்டது.

றொஷானி வீட்டலங்காரம் படித்தது கொழும்பில் என்று அவளுடைய சான்றிதழ் சொல்லும். உண்மையில் அவள் படித்தது அப்பாவின் வள்ளத்தில். பதினெட்டு அடிக்குள் வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கான், தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பார்சல், இரண்டு ஆள். எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும், ஒன்றும் மற்றதன் மேல் விழாது, தேவையில்லாதது என்று ஒரு சாண் கயிறுகூடக் கிடையாது. கிழிந்த வலை வேலிக்குப் போகும். வேலியில் கிழிந்தால் கோழிக்கூட்டுக்குப் போகும். கோழியும் கொத்திக் கிழித்தால் பாகற்கொடி படர விடுவார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் மாதமே அவர்கள் ஒரு பழைய பங்களாவின் தேக்கங் கதவுகளைக் கழற்றிக் குப்பை லொறியில் ஏற்றிவிட்டு, அதே இடத்தில் மரம் மாதிரிப் படம் ஒட்டிய பிளாஸ்ரிக் கதவுகளைப் பூட்டியதைக் கண்டாள். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு அப்படிக் கழற்றிய தேக்கங் கதவு ஒன்றுடன் யாழ்ப்பாண பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டாள். கொண்டக்டர் கதவுக்கும் ஒரு ரிக்கற் போட்டான்.

கதவைச் சுமந்துகொண்டு படலை திறந்தவளைப் பார்த்து அப்பா பஸ்ரியாம்பிள்ளை கேட்டது ஒரே கேள்விதான். "படிச்சுப் போட்டு வரச் சொன்னால் என்ன இது, வீடு உடைச்சுப் போட்டு வாறாய்?"

அன்றிலிருந்து அவருடைய நக்கல் ஓயவில்லை. பழைய பலகையைத் தேய்ப்பதற்கு மூன்று வருடப் படிப்பு உலகத்திலேயே தன் மகளுக்குத்தான் தேவைப்பட்டது என்பார். தன் வீட்டில் கை வைக்கவே விடமாட்டார். அங்கே நான்கு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரைகள், ஏழு கலண்டர்கள், நடுவில் யேசுநாதர். அதுவே அவருக்குச் சொர்க்கம். றொஷானி ஒரு கலண்டரை அரை அங்குலம் நகர்த்தினாலும் கடலுக்குப் போய் வந்து கண்டுபிடித்துவிடுவார்.

யோகம்மா வீட்டு வேலை வந்த அதே கிழமையில் கொழும்பிலிருந்து ஒரு மின்னஞ்சலும் வந்தது. மாபிள் விற்கும் நிறுவனம் ஒன்றின் காட்சிக்கூடத்தில் உத்தியோகம். நல்ல சம்பளம், கார், குளிரூட்டி. பதில் சொல்ல மூன்று மாதம் தவணை தந்திருந்தார்கள். பஸ்ரியாம்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார்.

"சரி பிள்ளை, நான் அநியாயக்காரன் இல்லை. நீ உந்தப் புளியங்கூடல் வீட்டைச் செய். அவையள் குடிபூரலுக்கு ஊரைக் கூப்பிடுவினம்தானே. வந்து பார்த்த சனத்தில ஒராள், ஒரே ஒராள், எங்கட வீட்டையும் செய்து தாரும் எண்டு உன்னைக் கேட்டால் நில். ஒருத்தரும் கேட்கேல்லை எண்டால் கொழும்புக்கு ஓம் எண்டு எழுது."

நியாயமான பேச்சு. றொஷானி கை கொடுத்து ஒப்புக்கொண்டாள். ஆனாலும் ஊரை விட்டு மறுபடியும் போவதை நினைத்தாலே அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இனி குப்பைக்கு வருவோம். யோகம்மா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு நடந்தார். அங்கே ஒரு பழைய களஞ்சிய அறை. இடம்பெயர்ந்த காலத்தில் கூரை உட்கார்ந்துவிட, ஓடும் சிலாகையும் அறையை மேலால் மூடிக் கிடந்திருக்கிறது. அதனால்தான் ஊரில் ஒரு யன்னல்கூட மிஞ்சாத நேரத்திலும் இதற்குள் ஒருவரும் கை வைக்கவில்லை. கதவைத் தள்ளியதும் உள்ளே ஒரே கதிரை. கைபிடி வைத்த பழைய மரக்கதிரைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, கால் ஒடிந்தும் முதுகு பிளந்தும், பிரம்பு முழுதும் உக்கிப்போயும் கிடந்தன. எண்ணிப் பார்த்தாள். முப்பத்திரண்டு. றொஷானிக்குத் தலைகால் புரியவில்லை.

"அன்ரி, இது குப்பை இல்லை, புதையல்."

"அப்ப இதுகளைத்தான் முதல்ல செய்ய வேணும்" என்றார் யோகம்மா. "குசினி, குளியலறை எல்லாம் பிறகு பார்ப்பம். முதல் கதிரை."

றொஷானி ஒரு கதிரையைக் கவிழ்த்தாள். இருக்கையின் அடிச்சட்டத்தில் மூன்று மஞ்சள் புள்ளிகள். இன்னொன்றில் ஒரு சிவப்புக் கோடு. வேறொன்றில் பச்சையில் பிறை மாதிரி ஒரு வளைவு. பெயின்ற் மங்கியிருந்தாலும் தெளிவாகத் தெரிந்தது.

"ஒண்டு சொல்லுறன் கேளும்" என்றார் யோகம்மா. "மேலே நீர் என்னவும் செய்யும். அடியில இருக்கிற குறியளை மட்டும் அழிக்கப்படாது. ஒரு புள்ளிகூட."

இதைக் கேட்டு றொஷானிக்கு அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. பொருளின் மேல் காலம் போட்ட அடையாளத்தைத் தேய்த்து அழிக்கக் கூடாது என்பது அவளுடைய இரண்டாவது கொள்கை. கொழும்பில் இதை அவள் எத்தனை கூட்டங்களில் சொல்லி எத்தனை பேர் கொட்டாவி விட்டார்கள். இங்கே புளியங்கூடலில் ஒரு அன்ரி தானாகவே சொல்கிறார். தன்னைப் புரிந்துகொள்ளும் ஒரு ஆளை ஆண்டவர் அனுப்பிவிட்டார் என்று அவள் நம்பினாள். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்கத் தோன்றவே இல்லை. சந்தோசம் வந்தால் அவளுக்குக் கேள்வி வராது.

தச்சுவேலைக்குச் சவிரிமுத்து வந்தார். வள்ளம் கட்டிய கை. ஒரு கதிரைக்கு எத்தனை கால் என்று கேட்டால் எந்தக் கடலில் என்று திருப்பிக் கேட்கக்கூடியவர். ஒடிந்த கால்களுக்குக் கூரையிலிருந்து விழுந்த பனஞ்சிலாகைகளையே அறுத்தார்கள். புதிதாக ஒரு பலகை வாங்கவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு. இருக்கைக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தவள், மூன்றாம் நாள் அப்பா வலை வைக்கும் கரையோர வாடிக்குள் புகுந்து, கழித்துவிட்ட வலைகளின் கரைக்கயிறுகளை உருவி எடுத்தாள். வெயிலிலும் உப்பிலும் கிடந்து பச்சையும் நீலமும் கலந்து மங்கிய நைலோன் கயிறு. நன்றாகக் கழுவி, பிரம்பு பின்னுவது போல இழுத்துப் பின்னினாள். உட்கார்ந்தால் மெல்ல அமுங்கி, பிறகு தூக்கிப் பிடிக்கும். முதல் கதிரையில் உட்கார்ந்த சவிரிமுத்து எழும்ப மறந்து தேநீர் கேட்டார்.

"என்ர வலையில இதுவரைக்கும் மீன்தான் அகப்பட்டது" என்று பஸ்ரியாம்பிள்ளை வீட்டில் சொன்னார். "இனி ஊரவையும் அகப்படப் போயினம்."

மூன்று மாதமும் கதிரைக்கும் மண்டபத்துக்குமே சரியாகப் போனது. றொஷானி குசினிக்கு வரைந்த படத்தை எத்தனை முறை விரித்தாலும் யோகம்மா, "பிறகு பார்ப்பம், கதிரை முடிஞ்சுதோ?" என்பார். மண்டபம் மட்டும் முடிந்திருந்த நிலையில் குடிபூரலுக்கு நாளும் வைத்துவிட்டார். அழைப்பவர்களின் பட்டியலையும் அவரே எழுதினார். வேலணையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர், நயினாதீவிலிருந்து பழைய போஸ்ட்மாஸ்ரர், எங்கோ வட்டக்கச்சியில் குடியேறிய ஒரு குடும்பம் என்று சம்பந்தமில்லாத பதினொரு வீடுகள். சொந்த மச்சாளைக் கூப்பிட மறந்துவிட்டார், வட்டக்கச்சிக்காரரை மறக்கவில்லை. அதையும் றொஷானி யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பால் பொங்கியது. ஐயர் மந்திரம் சொன்னார். வெண்சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் முப்பத்திரண்டு கதிரைகளும் வரிசையாக நின்றன. யன்னலால் வந்த வெயிலில் கயிற்றின் பச்சையும் நீலமும் மினுங்கின. வந்தவர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு இருந்தார்கள், இருந்தவர்கள் எழும்பவில்லை. பலகாரம் இருக்குமிடத்துக்கே வர வேண்டியிருந்தது. "என்ன சுகமாய்க் கிடக்கு" என்று வட்டக்கச்சிக்காரர் கண்ணை மூடினார். சுவரோரம் கைபேசிக்குள் இருந்து நிசாந்தன், "அம்மா, சூப்பர் அம்மா" என்று கனடாவின் நள்ளிரவில் கொட்டாவியுடன் கத்தினான். பஸ்ரியாம்பிள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, பின் வரிசையில் ஒரு கதிரையில் இறுக்கமான முகத்துடன் அமர்ந்தார். பத்து நிமிடத்தில் முகம் இளகியது. இருபது நிமிடத்தில் குறட்டை விட்டார்.

றொஷானியின் கால் நிலத்தில் படவில்லை. ஒராள் கேட்டால் போதும். இங்கே பத்துப் பேராவது கேட்கப் போகிறார்கள் என்று அவள் மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். குசினிகளாக, வரவேற்பறைகளாக, நெடுந்தீவில் ஒரு விருந்தினர் விடுதியாகவே எண்ணிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் நயினாதீவுப் போஸ்ட்மாஸ்ரர் தம்பிஐயாவின் கையிலிருந்த பயற்றம் பணியாரம் தவறி விழுந்து உருண்டது. அறுபத்தைந்து வயதிலும் பணியாரத்தை விட்டுக்கொடுக்காத மனிதர். குனிந்தார், முன் கதிரைக்கு அடியில் தலையை விட்டார், பணியாரத்தைப் பிடித்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

"யோகம்மா" என்றது கதிரைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "இது எங்கட ஐயான்ர மூண்டு புள்ளி எல்லோ."

அவர் அந்தக் கதிரையில் இருந்தவரை எழுப்பிக் கதிரையைக் கவிழ்த்தார். மூன்று மஞ்சள் புள்ளிகள். அந்தக் காலத்தில் கல்யாணம், செத்தவீடு என்றால் அயல்வீடுகளில்தான் கதிரை இரவல் வாங்குவார்கள். யாருடையது எது என்று மாறாமல் இருக்க ஒவ்வொரு வீட்டாரும் அடியில் தங்கள் குறியைப் போட்டு வைத்திருப்பார்கள். தம்பிஐயாவின் தகப்பன் அப்போது பக்கத்து வளவில் இருந்தவர். மகன்தான் பிறகு நயினாதீவில் பெண்ணெடுத்துப் போனவர்.

அடுத்த கணம் எல்லோரும் எழும்பித் தாங்கள் இருந்த கதிரைகளைக் கவிழ்த்தார்கள்.

"இந்தா சிவப்புக் கோடு. இது எங்கட."

"பிறை ஆற்றை? பச்சைப் பிறை?"

"அது வேலணைக்குப் போனவையின்ர. ரீச்சர், ரீச்சர், இஞ்சை வாங்கோ, உங்கட அம்மாவின்ர கதிரை."

றொஷானி நடுவில் நின்று கையை விரித்தாள். ஒருவருக்கும் அவள் தெரியவில்லை. முப்பத்து நாலு வருடத்துக்கு முன் போன கதிரை கண்முன்னால் நின்றால் டிசைனரை யார் பார்ப்பார்கள். வட்டக்கச்சிக்காரர் தன்னுடைய இரண்டையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தேடினார். அவருடைய மூன்றாவதில் ஐயர் இருந்தார். ஐயர் தட்சணை வாங்கும் வரை பொறுமையாக நின்று, வாங்கியதும், "ஐயா, ஒருக்கால் எழும்புறியளோ" என்றார். வேலணைப் பரிமளம் ரீச்சர் தன் கடைசிக் கதிரையைப் பின் வரிசையில் கண்டுபிடித்தார். அதில் பஸ்ரியாம்பிள்ளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நின்ற நிலையைப் பார்த்தால், வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் எல்லோரும் எழும்பி நிற்பார்கள். கண் விழித்த பஸ்ரியாம்பிள்ளையும் எழும்பி நின்றார்.

"அம்மா, என்ன நடக்குது?" நிசாந்தன் கைபேசிக்குள் இருந்து கேட்டான். "கதிரை நடந்து போகுது அம்மா. இன்னொண்டும் போகுது."

உண்மைதான். வாசலால் கதிரைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஓட்டோவுக்குள் ஏறிய கதிரைகளின் கால்கள் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒருவர் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடினார். ஹெல்மெட்டுக்குப் பதிலாக அது போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவுயந்திரத்தின் பெட்டியில் ஆறு கதிரையைப் போட்டு, அதில் ஆறு பேர் இருந்து, சாமி ஊர்வலம் போல ஆடி ஆடிப் போனார்கள். தம்பிஐயா நான்கையும் படகேற்றக் குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுபோக வான் பிடித்தார். யோகம்மா வாசற்படியில் நின்று எல்லோரையும் வழியனுப்பினார். கதிரையுடன் போன ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொதியும் கொடுத்தார்.

அந்தப் பொதியைப் பார்த்த பிறகுதான் றொஷானிக்கு உறைத்தது. ஓலைப்பெட்டிக்குள் பலகாரம், பழம், வெற்றிலை. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்கையாய்க் கொடுக்க மாட்டார்கள். பெட்டியின் மூடியில் மூன்று மஞ்சள் புள்ளிகள். அடுத்ததில் சிவப்புக் கோடு. அடுத்ததில் பச்சைப் பிறை. பதினொரு வீட்டுக்கும் பதினொரு பெட்டி, முதலே குறி போட்டு அடுக்கி வைத்திருந்தார்.

பதினொரு மணிக்கு மண்டபத்தில் மிஞ்சியது வெள்ளைச் சுவரும் இரண்டு கதிரையும். அவற்றில் குறி எதுவும் இல்லை. அவை மட்டும் வீட்டுக்காரருடையவை. யோகம்மா ஒன்றில் இருந்து மூச்சு விட்டார்.

"உங்களுக்கு முதலே தெரியும் அன்ரி" என்றாள் றொஷானி.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில இருந்து. என்ர கலியாணத்துக்கு இரவல் வாங்கின கதிரையள். எல்லாரிட்டையும் திருப்பிக் குடுக்க முதல் ஊரோட ஓட வேண்டி வந்திட்டுது. திரும்பி வந்து பார்த்தால் கால் இல்லை, முதுகு இல்லை. இந்தாங்கோ உங்கட கதிரை எண்டு விறகைக் கொண்டுபோய்க் குடுக்கேலுமோ? வாங்கின மாதிரிக் குடுக்க வேணும். இல்லாட்டி வாயைத் திறக்கப்படாது. நான் இவ்வளவு காலமும் வாயைத் திறக்கேல்லை. தம்பிஐயாவைக் கோயிலில கண்டால் அம்மாளைக் கும்பிடாமல் தூணுக்குப் பின்னால ஒளிச்சனான்."

"ஆசாரியைக் கூப்பிட்டிருக்கலாமே."

"மூண்டு பேரைக் கூப்பிட்டனான். மூண்டு பேரும் உதுகளை எரிச்சுப் போட்டுப் புதுசு செய்வம் எண்டினம். எனக்குப் புதுசு வேண்டாம். நீர்தான் வந்து நிண்டு, குப்பையைக் காட்டுங்கோ எண்டு கேட்டீர்."

றொஷானிக்கு அழுகையும் வந்தது. கோபமும் வந்தது. "என்னட்டைச் சொல்லியிருக்கலாம் எல்லோ அன்ரி. நான் இதை என்ர முதல் வேலை எண்டு நினைச்சு..."

"சொல்லியிருந்தால் உமக்கு வாய் நிண்டிருக்காது. பின்னேரத்துக்குள்ள ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்."

அது அவ்வளவு உண்மையாக இருந்ததால் றொஷானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க யோகம்மாவும் சிரித்தார். வெறும் மண்டபத்தில் சிரிப்பு முட்டி மோதித் திரும்பி வந்தது. அதைக் கேட்டு இருவரும் இன்னும் சிரித்தார்கள். யோகம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முப்பத்து நாலு வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதுகு நிமிர இருக்கிறேன் என்றார். கைபேசிக்குள் நிசாந்தன் நித்திரையாகியிருந்தான்.

"வீட்டை நீர் இன்னும் தொடங்கவே இல்லை" என்றார் யோகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "செவ்வாய்க்கிழமை வாரும். அந்தக் குசினிப் படத்தையும் கொண்டு வாரும்."

ஆனால் வீடு திரும்பும் வழியில் பஸ்ரியாம்பிள்ளை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "அது பழைய ஆள். கணக்கில வராது. புது ஆள் கேட்க வேணும்." சொல்லிவிட்டு முதுகைத் தடவிக்கொண்டார்.

சனிக்கிழமை ஒருவரும் அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால், கதிரைக் கதை அவளுக்கு முதலே கோயிலுக்கு வந்திருந்தது. பாடகர் குழுவே அவளைப் பார்த்துச் சிரித்ததில் ஒரு பாட்டுக் குழம்பியது. எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அவள் கதிரை திருத்தும் பிள்ளை. வீடு என்ற பேச்சே இல்லை. தான் செய்த வேலை எங்கெங்கோ சிதறிப் போய், காட்டுவதற்கு ஒரு மூலைகூட இல்லாமல் போனதை நினைத்து அவள் பின்னேரம் முழுதும் வாடிக்குள் இருந்து அழுதாள். சிரிப்பு ஒரு நாளைக்குத்தான் தாங்கும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் பதில் எழுதினாள். சம்மதம் என்று இரண்டு வரி. முற்றத்து வேம்பின் கீழ் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த பஸ்ரியாம்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய ஊசி ஒரே கண்ணில் மூன்று தரம் தவறியது. பொழுதெல்லாம் நெளிந்துகொண்டும் இருந்தார்.

அனுப்ப விரலைக் கொண்டுபோன நேரம் படலையடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. அதற்குள்ளிருந்து முதலில் ஒரு கதிரை இறங்கியது. பின்னால் தம்பிஐயா இறங்கினார். நயினாதீவிலிருந்து முதல் படகில் கதிரையுடன் வந்திருக்கிறார். கடல் தண்ணீர் தெறித்து வேட்டி நனைந்திருந்தது. முகம் நன்றாகவே இல்லை. கயிறு அறுந்துவிட்டது, அல்லது கால் கழன்றுவிட்டது என்று றொஷானி பயந்து எழும்பினாள்.

"பிள்ளை, நீர் என்ர வீட்டில சண்டை மூட்டிப் போட்டீர்" என்றார் தம்பிஐயா.

"ஐயோ, என்ன ஐயா நடந்தது?"

"வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு கதிரையையும் கொண்டுபோய் முன் அறையில வைச்சனான். மனுசி ஒண்டில ஏறி இருந்தா. இருந்து கொண்டு சுவரைப் பார்த்தா. சுவர் சரியில்லையாம். அலுமாரியைப் பார்த்தா. அதைக் கண்டாலே கண் கூசுதாம். நேற்றைக்குத் திரைச்சீலையைக் கழற்றி எறிஞ்சிட்டா. இண்டைக்கு விடிய எழும்பி என்னைப் பார்க்கிறா. எனக்குப் பயமாய்க் கிடக்கு."

றொஷானி கதிரையின் கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்டில் இந்தக் கதிரையளைத் திருப்பி எடும். இல்லாட்டி வந்து மிச்ச வீட்டை இதுக்கு ஏற்ற மாதிரிச் செய்து தாரும். ரெண்டில ஒண்டு சொல்லாமல் நான் படகு ஏறமாட்டன். ரெண்டாவதைச் சொன்னால் நல்லம், ஏனெண்டால் மனுசி கதிரையை விடமாட்டா. இதையே அவ குளிக்கப் போன நேரம்தான் தூக்கிக் கொண்டு வந்தனான். பரிமளம் ரீச்சரும் உம்மட நம்பரைக் கேட்டுக் கோல் எடுத்தவ. நான் குடுக்கேல்லை, எங்கட முடியட்டும் எண்டு."

றொஷானி கைபேசியில் எழுதிய இரண்டு வரியையும் அழித்தாள். "வாறன் ஐயா" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேம்பின் கீழிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பிஐயா அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ." பஸ்ரியாம்பிள்ளை வலையைக் கீழே வைத்தார். "வரிசை எண்டு ஒண்டு இருக்கு. முதல் எங்கட வீடு. நான் முந்தியே சொல்லி வைச்சனான்."

அவர் சொல்லி வைக்கவில்லை. இந்தப் பிறவியில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. இப்போதும் அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் வேம்பையே பார்த்துக்கொண்டு சொன்னார். ஆனால் சொன்னது சொன்னதுதான். தம்பிஐயா சாட்சி.

றொஷானி உள்ளே ஓடிப்போய் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு முன்னால் நின்றாள். கண் கலங்கியிருந்ததால் அவர் இரண்டு மூன்று பேராகத் தெரிந்தார்.

"அப்பா, உங்கட குப்பையள் எங்கை கிடக்கு?"

பஸ்ரியாம்பிள்ளை எழும்பி, தான் இருந்த சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரையைக் காலால் தள்ளிக் காட்டினார். பிறகு தம்பிஐயா கொண்டுவந்த கதிரையில், கேட்காமலே போய் இருந்தார்.